புது ஆர்டருக்குப் பழைய ஸ்லைஸ் இன்ஸ்டன்ஸையே கொடுப்பதா, புதிதாக எழுப்புவதா? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

கேள்வி: கீழைக்காற்று

வணக்கம் நண்பர்களே. எங்கள் லேபில் ஒரு 5ஜி ஸ்டாண்ட்அலோன் கோர் (4ஜியைச் சாராத 5ஜி மைய நெட்வொர்க்) இருக்கிறது, அதற்கு மேலே ஓனாப் என்ற திறமூல மென்பொருள் அடிப்படையில் ஆர்க்கெஸ்ட்ரேஷன் (நெட்வொர்க் பாகங்களைத் தானாக எழுப்பி நிர்வகிப்பது) ஓடுகிறது. ஒரே நெட்வொர்க்கில் ஒரு தேவைக்கென்று பிரித்து வைக்கும் பகுதி ஸ்லைஸ், உண்மையில் எழுப்பி ஓடும் ஒவ்வொன்றும் ஒரு இன்ஸ்டன்ஸ். வாடிக்கையாளர் ஆர்டர் போட்டால் அது சர்வீஸ் ப்ரொஃபைலாக (வாடிக்கையாளர் தேவைகளின் பட்டியலாக) மாறி, என்எஸ்எம்எஃப் (ஸ்லைஸ்களை நிர்வகிக்கும் ஃபங்ஷன்) வேலையைச் செய்யும் ஓனாப்பின் எஸ்ஓ ஒர்க்ஃப்ளோவுக்கு வருகிறது. எஸ்ஓ போய், எதில் வைப்பது என்று முடிவு சொல்லும் ஓஓஎஃப்பிடம் கேட்கிறது. ஏற்கெனவே இருக்கிற இன்ஸ்டன்ஸ் ஏதாவது பொருந்தினால் அதன் ஐடி திரும்பி வரும், இல்லையென்றால் ரேடியோ, டிரான்ஸ்போர்ட், கோர் மூன்றுக்கும் புதிதாக எழுப்ப வேண்டிய ஸ்லைஸ் ப்ரொஃபைல்கள் வரும். இதுவரை சரி.

பொருந்துகிறதா என்று பார்க்க நாங்கள் எழுதிய விதிகளில்தான் சிக்கல். எஸ்எஸ்டி (ஸ்லைஸ் வகை எண்) இரண்டிலும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும், இன்ஸ்டன்ஸின் லேட்டன்சி (தாமதம்) கேட்டதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும், கேட்ட டிராக்கிங் ஏரியாக்கள் (செல்களின் தொகுப்புகள்) எல்லாம் இன்ஸ்டன்ஸின் கவரேஜுக்குள் வர வேண்டும், கேட்ட யுஇ (ஃபோன் போன்ற பயனர் கருவி) எண்ணிக்கை இன்ஸ்டன்ஸின் உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும், ரிசோர்ஸ் ஷேரிங் லெவல் 'ஷேர்ட்' என்று இருக்க வேண்டும். இவ்வளவுதான். இப்போது என்ன ஆகிறது என்றால், முதலில் எழுப்பிய ஒரு ஈஎம்பிபி (அதிவேக மொபைல் டேட்டா) இன்ஸ்டன்ஸ் வருகிற ஆர்டர்களையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. அதன் வரம்பு 5000 யுஇ. முதல் வாடிக்கையாளருக்கு 3000, இரண்டாமவருக்கு 1500 போய்விட்டது, மூன்றாமவர் 2000 கேட்டபோதும் 'பொருந்துகிறது' என்றே பதில் வந்தது. இதற்கு நேர் எதிராக, இன்னொருவர் 15 மில்லிசெகண்ட் லேட்டன்சி கேட்டார், இருக்கிற இன்ஸ்டன்ஸ் 20 மில்லிசெகண்ட். இந்த ஒரு வித்தியாசத்துக்காக ரேடியோ முதல் கோர் வரை எல்லாவற்றையும் முழுசாக இன்னொரு முறை எழுப்பியது.

அணிக்குள்ளேயே வாக்குவாதம். ஸ்லைஸைத் தேர்ந்தெடுப்பது கோரில் உள்ள என்எஸ்எஸ்எஃப் வேலை, ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஏன் தலையிட வேண்டும் என்கிறார் ஒருவர். ஒரே இன்ஸ்டன்ஸை இரண்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் இருவருக்கும் ஒரே எஸ்-என்எஸ்எஸ்ஏஐ (ஸ்லைஸின் அடையாள எண்) ஆகிவிடுமே என்கிறார் இன்னொருவர். பகிர்ந்துகொண்ட இன்ஸ்டன்ஸிலிருந்து ஒருவர் மட்டும் விலகினால் எதை அழிப்பது என்பதும் எங்களுக்குத் தெளிவாக இல்லை. நிஜ நெட்வொர்க்கில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் பிரித்துச் சொல்ல முடியுமா?


பதில்: ஓரக்கோபுரம்

முதலில் உங்கள் அணியின் வாக்குவாதத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இது தெளிவாகாமல் மற்றது எதுவும் தெளிவாகாது. இங்கே நடப்பது இரண்டு தேர்வுகள். இரண்டும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு ஆட்கள் கையில் நடக்கின்றன.

ஆர்டர் வரும்போது நடப்பது முதல் தேர்வு. மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபியின் டிஎஸ் 28.531 ஆவணத்தில் இது இருக்கிறது. என்எஸ்எம்எஃப்புக்கு சர்வீஸ் ப்ரொஃபைல் வருகிறது, இருக்கிற இன்ஸ்டன்ஸ் ஒன்றைப் பயன்படுத்தலாமா, அதைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தலாமா, புதிதாக எழுப்ப வேண்டுமா என்று அது முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் எந்த யுஇ-யும் கண்ணில் இல்லை, கையில் இருப்பது ஒப்பந்தமும் இன்வென்ட்டரியும் மட்டும். இரண்டாவது தேர்வு, ஒரு யுஇ ரெஜிஸ்டர் ஆகும்போது நடக்கிறது. ஏஎம்எஃப் (யுஇ-யின் பதிவையும் நகர்வையும் கவனிக்கும் ஃபங்ஷன்) தேவைப்பட்டால் என்எஸ்எஸ்எஃப்பைக் கேட்கும். என்எஸ்எஸ்எஃப் அந்த யுஇ-க்கு அனுமதிக்கப்பட்ட எஸ்-என்எஸ்எஸ்ஏஐக்கள் எவை, எந்த ஏஎம்எஃப் செட் என்று சொல்லும். இன்ஸ்டன்ஸ் ஐடியையும், எந்த என்ஆர்எஃப்பிடம் போய் மற்ற ஃபங்ஷன்களைத் தேட வேண்டும் என்பதையும் கூடவே சொல்லலாம். ஆனால் அது தேர்ந்தெடுக்கும் எல்லாம் ஏற்கெனவே எழுப்பி, கட்டமைத்து வைத்தவை. நீங்கள் முதல் தேர்வில் தப்பாக 6500 பேரை 5000 பேருக்கான இடத்தில் அடைத்தால் என்எஸ்எஸ்எஃப்பால் அதைச் சரிசெய்ய முடியாது. ஆக, ஆர்க்கெஸ்ட்ரேட்டர் தலையிட்டே ஆக வேண்டும்.

அடுத்தது எஸ்-என்எஸ்எஸ்ஏஐ. இது சிக்னலிங்கில் போகும் அடையாளம்: 8 பிட் எஸ்எஸ்டி, அதோடு விரும்பினால் 24 பிட் எஸ்டி (ஒரே வகைக்குள் வேறுபடுத்தும் எண்). இதற்கும் இன்ஸ்டன்ஸுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கட்டாயம் கிடையாது. ஒரு இன்ஸ்டன்ஸுக்குப் பல எஸ்-என்எஸ்எஸ்ஏஐ இருக்கலாம், ஒரு எஸ்-என்எஸ்எஸ்ஏஐக்குப் பல இன்ஸ்டன்ஸ் இருக்கலாம் என்று டிஎஸ் 23.501-லேயே இருக்கிறது. அதனால் இன்ஸ்டன்ஸைப் பகிர்ந்தாலும் வாடிக்கையாளருக்கு ஒரு எஸ்டி என்று தனித்தனியாகக் கொடுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. 3ஜிபிபி ரிலீஸ் 17-ல் வந்த என்எஸ்ஏசிஎஃப், ரெஜிஸ்டர் ஆன யுஇ எண்ணிக்கையையும் பிடியு செஷன் (டேட்டா இணைப்பு) எண்ணிக்கையையும் எஸ்-என்எஸ்எஸ்ஏஐ வாரியாகத்தான் எண்ணுகிறது. இரண்டு வாடிக்கையாளருக்கு ஒரே எஸ்-என்எஸ்எஸ்ஏஐ கொடுத்தால் ஒருவர் தன் எல்லையைத் தாண்டி மற்றவர் பங்கையும் தின்றுவிடுவார், தடுக்க வழியில்லை. அளவீடுகளைப் பிரித்துக் காட்டுவதும் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னொரு நாள் ஒரு வாடிக்கையாளரைத் தனி இன்ஸ்டன்ஸுக்கு மாற்ற வேண்டி வந்தால், அடையாளம் ஏற்கெனவே தனியாக இருப்பதால் அவருடைய சிம் சந்தாக்களையும் யுஆர்எஸ்பி விதிகளையும் (எந்த ஆப் எந்த ஸ்லைஸில் போக வேண்டும் என்று யுஇ-க்குச் சொல்பவை) தொடாமல் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றலாம்.

இதற்கும் விலை உண்டு. புது எஸ்டி ஒவ்வொன்றையும் சம்பந்தப்பட்ட டிராக்கிங் ஏரியாக்களில் ஜிஎன்பி (5ஜி பேஸ் ஸ்டேஷன்) ஆதரிக்கும் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஏஎம்எஃப்பிலும் என்எஸ்எஸ்எஃப்பிலும் சேர்க்க வேண்டும், சந்தாதாரர் தரவு இருக்கும் யுடிஎம்மில் சந்தா மாற வேண்டும். ஒரு யுஇ ஒரே நேரத்தில் அதிகபட்சம் 8 எஸ்-என்எஸ்எஸ்ஏஐதான் வைத்திருக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது, ஆனால் நிறுவன வாடிக்கையாளர் ஸ்லைஸ்களில் அந்த எல்லை பெரும்பாலும் உறுத்தாது.


பதில்: மீதக்கணக்கு

ஓரக்கோபுரம் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். நான் உங்கள் விதிகளுக்கு வருகிறேன். 3000, 1500, 2000 கதையில் நடந்தது என்னவென்றால், நீங்கள் எல்லாப் பண்புகளையும் ஒரே மாதிரி ஒப்பிடுகிறீர்கள். சர்வீஸ் ப்ரொஃபைலில் இருக்கும் பண்புகள் ஒரே இனம் இல்லை.

சில கூட்டிக்கொண்டே போக வேண்டியவை. யுஇ எண்ணிக்கை, ஸ்லைஸ் முழுவதற்குமான டவுன்லிங்க், அப்லிங்க் த்ரூபுட் (யுஇ-க்கு வரும், யுஇ-யிலிருந்து போகும் டேட்டா வேகம்), பிடியு செஷன் எண்ணிக்கை எல்லாம் இந்த வகை. இவற்றில் இன்ஸ்டன்ஸின் மொத்தத்தோடு ஒப்பிடவே கூடாது, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்து மீதத்தோடு ஒப்பிட வேண்டும். உங்கள் கணக்கில் மீதம் 500, கேட்பது 2000, அதனால் அப்படியே கொடுக்க முடியாது. சில பண்புகள் ஆட்கள் சேர்வதால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை: லேட்டன்சி, அவைலபிலிட்டி, மொபிலிட்டி லெவல் போன்றவை. பத்துப் பேர் சேர்ந்தாலும் 20 மில்லிசெகண்ட் 20 மில்லிசெகண்ட்தான், நெரிசல் வராத வரை. இவற்றை உங்கள் முறைப்படியே வரம்போடு ஒப்பிடலாம். கவரேஜ் ஒரு கணம் (செட்), கேட்டது அதன் உட்கணமா என்று பார்த்தால் போதும். அப்புறம் அனுமதி சார்ந்தவை. ஷேரிங் லெவலை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், புதிதாக வருபவர் பகிரச் சம்மதித்தாரா என்று மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே ஏற்கெனவே இருப்பவர்களும் சம்மதித்திருக்க வேண்டும். ஆபரேட்டர்களின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ-வின் என்ஜி.116 ஸ்லைஸ் டெம்ப்ளேட்டில் ஐசொலேஷன் என்று ஒரு பண்பு இருக்கிறது. வன்பொருள் அளவில் பிரிக்க வேண்டுமா, லாஜிக்கல் அளவில் போதுமா, லாஜிக்கல் என்றால் எந்த மட்டத்தில் என்று வாடிக்கையாளர் அதில் சொல்லலாம். அதை ஆம்/இல்லை என்ற ஒற்றைப் புலமாகச் சுருக்கிவிட்டால் தகவல் போய்விடும்.

இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது, மீதத்தை எந்த இடத்தில் கணக்கிடுவது என்பது. இன்ஸ்டன்ஸ் முழுவதற்கும் 5000 என்ற ஒற்றை எண் கோரில் செல்லுபடியாகும், ரேடியோவில் ஆகாது. முதல் வாடிக்கையாளரின் 3000 யுஇ-யும் ஒரு துறைமுகத்தைச் சுற்றியுள்ள இரண்டு டிராக்கிங் ஏரியாக்களிலேயே இருக்கலாம். இன்ஸ்டன்ஸ் அளவில் 500 மீதம் என்று காட்டும், ஆனால் அந்த இரண்டு ஏரியாவில் மீதம் பூஜ்யம், மற்ற ஏரியாக்களில் எக்கச்சக்க இடம். அதனால் யுஇ எண்ணிக்கையையும் த்ரூபுட்டையும் முடிந்த வரை டிராக்கிங் ஏரியா வாரியாகப் பதிந்து வையுங்கள். ஆர்டரில் அந்த விவரம் இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குங்கள். சமமாகப் பரவியிருக்கும் என்று ஊகிப்பது ஆபத்து.

ரேடியோவில் இதைப் பிடித்து நிறுத்தும் கருவி டிஎஸ் 28.541-ல் உள்ள ஆர்ஆர்எம் பாலிசி ரேஷியோ (ரேடியோ வளத்தைப் பங்கிடும் விதி). மூன்று சதவீதங்கள்: டெடிகேட்டட், மினிமம், மாக்ஸிமம். டெடிகேட்டட் என்று வைத்த பங்கு சும்மா கிடந்தாலும் மற்றவர் தொட முடியாது. மினிமம் உத்தரவாதம், ஆனால் பயன்படாத நேரத்தில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மாக்ஸிமம் உச்சவரம்பு. கவனிக்க வேண்டியது, இந்தப் பாலிசிக்கு ஒரு உறுப்பினர் பட்டியல் உண்டு, அதில் பல எஸ்-என்எஸ்எஸ்ஏஐக்களைப் போடலாம். ஒரே பட்டியலில் போட்டால் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பங்கு. ஆக, அடையாளம் தனி, ரேடியோ பங்கு பொது என்ற அமைப்பு இயல்பாகவே கிடைக்கிறது. பகிர்ந்த இன்ஸ்டன்ஸுக்கு நான் விரும்புவது இதைத்தான். ஒவ்வொரு புது வாடிக்கையாளருக்கும் ஒரு டெடிகேட்டட் பங்கு வெட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் செல்லில் சாதாரண சந்தாதாரருக்கு ஒன்றும் மிஞ்சாது.

அப்புறம், பதில் இரண்டு வகை இல்லை, மூன்று வகை. அப்படியே கொடு, மாற்றிக் கொடு, புதிதாக எழுப்பு. உங்கள் ஒர்க்ஃப்ளோவில் நடுவில் உள்ளது காணவில்லை. 5000-ஐ 6500 ஆக்க யுபிஎஃப்பை (பயனர் டேட்டாவைக் கடத்தும் ஃபங்ஷன்) ஸ்கேல் செய்தால் போதும் என்றால் அதுதான் மலிவு. ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும்போது உள்ளே இருக்கிறவர்களுக்கு இடையூறு வருமா என்ற கேள்வியையும் விதியாக எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று. லேட்டன்சி குறைவாக இருந்தால் பொருந்தும் என்ற விதி சரிதான், ஆனால் அது மட்டும் இருந்தால் 100 மில்லிசெகண்ட் போதும் என்கிற மீட்டர் வாடிக்கையாளரைக் கொண்டுபோய் எட்ஜில் (பயனருக்கு அருகில்) யுபிஎஃப் வைத்த 10 மில்லிசெகண்ட் இன்ஸ்டன்ஸில் உட்கார வைக்கும். எட்ஜ் சர்வரில் இடம் குறைவு, விலையும் அதிகம். தகுதியானவற்றில் கேட்டதற்கு மிக நெருக்கமானதைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சும் தரத்துக்கு ஒரு மேல் எல்லை வையுங்கள். அந்த எல்லையைத் தாண்டினால் அது தகுதியான இன்ஸ்டன்ஸே இல்லை என்று தள்ளிவிடலாம்.


பதில்: கம்பிக்கூடு

இவ்வளவு அல்காரிதம் தேவையா என்பது என் சந்தேகம். உண்மையான ஆபரேட்டர்கள் எத்தனை ஸ்லைஸ் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜியோ தன் ஸ்டாண்ட்அலோன் 5ஜியில் ஏர்ஃபைபர் வீட்டு இணைப்புகளுக்கு ஸ்லைசிங் பயன்படுத்துகிறது, மொபைல் போக்குவரத்தோடு கலந்து திணறாமல் இருப்பதற்காக. அது ஒரு வாடிக்கையாளருக்கான ஸ்லைஸ் இல்லை, ஒரு சேவை வகைக்கான ஸ்லைஸ். இப்படி நாலைந்து வகையை முன்கூட்டியே எழுப்பி வைத்து, ஆர்டர் எந்த வகை என்று பார்த்து அதில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. விதிகளின் எண்ணிக்கை கூடக் கூட யாருக்கும் புரியாத முடிவுகள்தான் வரும். ஆப்பரேஷன்ஸில் இருப்பவர்கள் இரவில் எழுந்து பார்க்கும்போது ஏன் இந்த வாடிக்கையாளர் இந்த இன்ஸ்டன்ஸில் இருக்கிறார் என்பது ஒரு வரியில் விளங்க வேண்டும்.


பதில்: மீதக்கணக்கு

கம்பிக்கூடு, வகைகள் குறைவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. டெம்ப்ளேட் நாலைந்து போதும். ஆனால் நீங்கள் முன்கூட்டி எழுப்பி வைத்த ஈஎம்பிபி இன்ஸ்டன்ஸில்தான் கீழைக்காற்றின் 6500 பேர் சிக்கலும் வரும். வகை எது என்ற கேள்விக்கு உங்கள் முறை விடை சொல்கிறது, இடம் இருக்கிறதா என்ற கேள்விக்குச் சொல்லவில்லை. வீட்டு இணைப்பில் ஆபரேட்டரே எல்லாச் சந்தாதாரருக்கும் உரிமையாளர், செல்லில் நெரிசல் என்றால் அங்கே புது விற்பனையை நிறுத்திவிடலாம். நிறுவன வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மீதம் பார்க்கும் விதி ஒன்று, அனுமதி பார்க்கும் விதி ஒன்று, இரண்டையும் உங்களால் தவிர்க்க முடியாது.

முடிவு விளங்க வேண்டும் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். அதற்கு வழி, ஒவ்வொரு ஆர்டரிலும் தள்ளப்பட்ட இன்ஸ்டன்ஸ்களையும் தள்ளிய காரணத்தையும் சேர்த்துப் பதிவது. "மீதம் 500, கேட்டது 2000, ஏரியா இன்னது" என்று ஒரு வரி இருந்தால் இரவில் எழுந்து பார்ப்பவருக்கு அது போதும்.


பதில்: இரவுப்பணி

நான் இதுவரை யாரும் தொடாத பக்கத்திலிருந்து பேசுகிறேன். 15 மில்லிசெகண்ட் ஆர்டருக்கு முழு ஸ்லைஸும் புதிதாக எழும்பியது என்று சொன்னீர்கள் அல்லவா, அங்கே வீணானது அதிகம். மறுபயன்பாட்டை முழு இன்ஸ்டன்ஸ் மட்டத்தில் மட்டும் பார்த்ததால் வந்த வினை அது. சப்நெட் மட்டத்தில் பாருங்கள்.

ஒரு ஸ்லைஸ் இன்ஸ்டன்ஸ் என்பது ரேடியோ சப்நெட், டிரான்ஸ்போர்ட் சப்நெட், கோர் சப்நெட் என்று பல சப்நெட் இன்ஸ்டன்ஸ்களின் சேர்க்கை. ஒரு சப்நெட் இன்ஸ்டன்ஸ் பல ஸ்லைஸ் இன்ஸ்டன்ஸ்களுக்குள் இருக்கலாம். 20-ஐ 15 ஆக்க வேண்டும் என்றால் அந்த 5 மில்லிசெகண்ட் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது தூரத்தில் இருக்கும் யுபிஎஃப்புக்கும் ஜிஎன்பிக்கும் நடுவில் உள்ள டிரான்ஸ்போர்ட் பாதையில்தான் இருக்கும். அப்படியென்றால் ரேடியோ சப்நெட் பழையதே போதும், ஏஎம்எஃப் இருக்கும் பொதுக் கோர் சப்நெட்டும் பழையதே போதும். அருகில் ஒரு யுபிஎஃப், அதற்கு ஒரு பாதை, தேவைப்பட்டால் ஒரு எஸ்எம்எஃப் (பிடியு செஷன்களை நிர்வகிப்பது), இவ்வளவுதான் புதிது. ஏஎம்எஃப்பைப் பொறுத்தவரை ஒரு யுஇ-க்கு அதன் எல்லா ஸ்லைஸுக்கும் சேர்த்து ஒரே ஏஎம்எஃப்தான் சேவை செய்யும், அதனால் அதை வாடிக்கையாளருக்கு ஒன்று என்று பிரிப்பதில் பல நேரம் அர்த்தமே இல்லை. எஸ்எம்எஃப், யுபிஎஃப் பிரிப்பதில் அர்த்தம் உண்டு.

ஓனாப்பில் 2020 நடுவில் வந்த ஃபிராங்க்ஃபர்ட் வெளியீட்டில் ஓஓஎஃப் ஸ்லைஸ் இன்ஸ்டன்ஸ் தேர்வைச் செய்தது. அதற்கடுத்த குய்லின் வெளியீட்டில் சப்நெட் இன்ஸ்டன்ஸ் தேர்வும் வந்தது, ஆக சப்நெட்டை நிர்வகிக்கும் என்எஸ்எஸ்எம்எஃப் தன் பங்குக்குத் தனியாக ஓஓஎஃப்பைக் கேட்கலாம். நீங்கள் எந்த வெளியீட்டில் இருக்கிறீர்கள், இந்த இரண்டாம் கட்டத் தேர்வு உங்கள் ஒர்க்ஃப்ளோவில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைந்திருந்தால் மேல் மட்டத்தில் 'புதிது' என்று பதில் வந்தாலும் கீழே பழையதை எடுத்துக் கோக்கும். லேட்டன்சியை மூன்று சப்நெட்டுக்கும் எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நிலையான விகிதத்தில் பிரித்தால், ரேடியோ சப்நெட்டிடம் தேவையில்லாமல் குறைந்த எண்ணைக் கேட்டு, அது இல்லை என்று சொல்லி, புதிதாக எழுப்ப வைத்துவிடும். இருக்கிற சப்நெட்கள் எவ்வளவு தருகின்றன என்று பார்த்து மிச்சத்தைப் பங்கிடுவது நல்லது.

அடுத்தது ஒரே நேரத்தில் வரும் ஆர்டர்கள். மீதம் 500. இரண்டு ஆர்டர், தலா 400. இரண்டும் அடுத்தடுத்த நொடியில் ஓஓஎஃப்பிடம் போகின்றன. ஓஓஎஃப் இன்வென்ட்டரியைப் படிக்கிறது, இரண்டுக்கும் 500 என்று தெரிகிறது, இரண்டுக்கும் அதே இன்ஸ்டன்ஸைச் சொல்கிறது. எஸ்ஓ ஒர்க்ஃப்ளோ முடிந்து இன்வென்ட்டரியில் பதிவாவதற்குள் தவறு நடந்து முடிந்திருக்கும். நடுவில் ஆபரேட்டர் ஓனாப்பின் யுயுஐ போர்ட்டலில் பரிந்துரையைப் பார்த்து ஒப்புக்கொள்ளும் படி வேறு இருந்தால் இடைவெளி மணிக்கணக்கில் நீளும். அதனால் முடிவு வந்த உடனே, எழுப்புவதற்கு முன்பே, அந்த ப்ரொஃபைலை 'ஒதுக்கப்பட்டது' என்ற நிலையில் இன்ஸ்டன்ஸோடு இணைத்து எழுதுங்கள், மீதக் கணக்கில் அதையும் கழியுங்கள். ஒப்புதல் வராமல் நேரம் கடந்தால் ஒதுக்கீடு தானாக விலகட்டும். 3ஜிபிபியும் ரிலீஸ் 17-ல் சாத்தியச் சோதனையோடு ஒதுக்கீட்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

விலகும் வாடிக்கையாளர் பற்றிக் கேட்டீர்கள். 28.541 மாடலில் நெட்வொர்க் ஸ்லைஸ் என்ற பொருளுக்குள் சர்வீஸ் ப்ரொஃபைல் பட்டியல் இருக்கிறது, சப்நெட்டுக்குள் ஸ்லைஸ் ப்ரொஃபைல் பட்டியல். ஆக, விலகுவது என்றால் அந்தப் பட்டியலிலிருந்து அவருடைய ப்ரொஃபைலை எடுப்பது மட்டும்தான். பட்டியலில் இன்னொருவர் இருக்கும் வரை இன்ஸ்டன்ஸைத் தொடக் கூடாது. காலியான பிறகும் உடனே அழிக்க வேண்டும் என்றில்லை, குய்லினில் இந்த அழிக்கலாமா என்ற முடிவையும் ஓஓஎஃப்பிடமே கேட்கிறார்கள். சிறிது காலம் வைத்திருந்தால் அடுத்த ஆர்டருக்கு உடனே கிடைக்கும்.

இதைவிட ஆபத்தானது டீஆக்டிவேட். வாடிக்கையாளர் போர்ட்டலில் தன் சேவையை நிறுத்தும் பொத்தானை அழுத்துகிறார், ஒர்க்ஃப்ளோ நேரே போய் இன்ஸ்டன்ஸின் நிர்வாக நிலையைப் பூட்டுகிறது, அதே இன்ஸ்டன்ஸில் இருக்கும் மற்ற எல்லாரும் விழுகிறார்கள். பகிர்வு இல்லாத காலத்தில் எழுதிய ஒர்க்ஃப்ளோக்களில் இது அப்படியே உட்கார்ந்திருக்கும், உங்களுடையதைத் தயவுசெய்து தேடிப் பாருங்கள். ஆக்டிவேட், டீஆக்டிவேட் இரண்டும் அவருடைய எஸ்-என்எஸ்எஸ்ஏஐ மட்டத்தில் நடக்க வேண்டும். தனித்தனி எஸ்டி கொடுக்கச் சொன்ன ஓரக்கோபுரத்தின் யோசனை இங்கேயும் கைகொடுக்கும்.


பதில்: கீழைக்காற்று

எல்லாருக்கும் மிக்க நன்றி. இரவுப்பணி சொன்ன டீஆக்டிவேட் ஒர்க்ஃப்ளோவைத் திறந்து பார்த்தேன், இன்ஸ்டன்ஸ் ஐடியைத்தான் நேரடியாக அனுப்புகிறது. வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன் கண்ணில் பட்டது நிம்மதி. சப்நெட் தேர்வு எங்கள் பக்கம் இணைக்கப்படவில்லை, அதையும் எடுத்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரு ஒளிபரப்பு நிறுவனம் வார இறுதி நிகழ்ச்சிக்காக ஒரு மைதானத்தைச் சுற்றி மட்டும் ஸ்லைஸ் கேட்பது போல ஒரு சோதனை ஆர்டர் வைத்திருக்கிறோம். கேமராக்கள் மேலே அனுப்பும், அப்லிங்க்தான் முக்கியம். இரண்டு நாளுக்காகப் புதிதாக எழுப்புவது அதிகமாகத் தெரிகிறது. ஆனால் பொது ஈஎம்பிபி இன்ஸ்டன்ஸில் போட்டால் கூட்டம் கூடும் நேரத்தில் அப்லிங்க் திணறுமே?


பதில்: ஓரக்கோபுரம்

இது உண்மையில் நடந்த பயன்பாடுதான். 2023 மே 6-ல் லண்டனில் மூன்றாம் சார்லஸ் முடிசூட்டு விழாவின்போது ஐடிஎன் செய்தி நிறுவனத்தின் ஒளிபரப்புக்காக வோடஃபோன் தன் பொது 5ஜி ஸ்டாண்ட்அலோன் நெட்வொர்க்கில் ஒரு ஸ்லைஸ் கொடுத்தது. உங்கள் ஆர்டரின் உருவமும் அதேதான்: குறுகிய காலம், குறுகிய இடம், மேல்நோக்கிய வீடியோ.

என் பதில், கோர் பழையது, ரேடியோ பாலிசி மட்டும் புதிது. ஒளிபரப்புக்கு ஒரு தனி எஸ்டி கொடுங்கள், பொருத்தமான யுபிஎஃப் உள்ள பழைய இன்ஸ்டன்ஸிலேயே சேருங்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள செல்களில் மட்டும் அந்த எஸ்-என்எஸ்எஸ்ஏஐக்கு ஒரு தனி ஆர்ஆர்எம் பாலிசி, அதில் மினிமம் பங்கு. டெடிகேட்டட் வேண்டாம், கேமரா ஓடாத நேரத்தில் அந்த இடம் ரசிகர்களுக்குப் போகட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் பாலிசியை எடுத்துவிட்டு ப்ரொஃபைலைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும்.

ஆனால் ஆர்டரை ஏற்கும் முன் ஒரு கணக்கு கட்டாயம். டிடிடி அலைவரிசையில் (இரண்டு திசையும் நேரம் பிரித்துப் பயன்படுத்துவது) அப்லிங்க், டவுன்லிங்க் நேரப் பங்கீடு செல்லுக்குச் சொந்தமானது, ஸ்லைஸுக்கு ஸ்லைஸ் மாற்ற முடியாது. டவுன்லிங்குக்குச் சாய்வாக அமைந்த செல்லில் மொத்த அப்லிங்க்கே சிறியது, அதில் நீங்கள் எத்தனை சதவீதம் ஒதுக்கினாலும் இத்தனை கேமராவுக்கு மேல் ஏறாது என்று ஒரு எல்லை வரும். அந்த எல்லையைத் தாண்டினால் பழையதும் உதவாது, புது இன்ஸ்டன்ஸ் எழுப்பினாலும் உதவாது. செல் கூட்ட வேண்டும், அல்லது வாடிக்கையாளரிடம் முடியாது என்று நேராகச் சொல்ல வேண்டும். உங்கள் ஓஓஎஃப் விதிகளில் இந்த நான்காவது பதிலுக்கும் இடம் வையுங்கள். இப்போது பெரும்பாலும் பழையது பொருந்தவில்லை என்றால் புதிது என்று நேரே போய்விடும், புதிதாலும் நிறைவேற்ற முடியாது என்பதைக் கண்டுபிடிக்க எழுப்பி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.


பதில்: இரவுப்பணி

காலக்கெடு உள்ள ஆர்டர் என்பதால் ஒதுக்கீட்டில் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள். இல்லையென்றால் வார இறுதிக்கு மட்டும் தேவைப்படுகிற இடத்தை இன்றிலிருந்தே கழித்துக்கொண்டு வேறு ஆர்டர்களைத் திருப்பி அனுப்பும். ரிலீஸ் 18 ஆதரவு உங்கள் கோரிலும் யுஇ-யிலும் இருந்தால் ஸ்லைஸ் எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை யுஇ-க்கே தெரிவிக்கலாம். அதே ரிலீஸில் ஒரு எஸ்-என்எஸ்எஸ்ஏஐக்குப் பதில் மாற்று எஸ்-என்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் வசதியும் வந்திருக்கிறது, வாடிக்கையாளரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது பயன்படும். ஆதரவு இல்லையென்றால் யுடிஎம் சந்தாவை மாற்றி ஏஎம்எஃப் வழியாக யுஇ-க்குத் தெரிவிக்கும் பழைய வழிதான், பிடியு செஷன்கள் அறுந்து மறுபடி எழும்பும் என்று வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சோதிக்கும்போது இந்த வரிசையில் ஓட்டிப் பாருங்கள்: மீதம் 500 உள்ள இன்ஸ்டன்ஸுக்கு 400, 400 என்று இரண்டு ஆர்டரை ஒரே நேரத்தில் விடுங்கள். ஒன்று உள்ளே போய், மற்றது மாற்றத்துக்கோ புதிதுக்கோ திரும்ப வேண்டும். பிறகு முதலில் போனவரை டீஆக்டிவேட் செய்து, மற்றவர்களின் பிடியு செஷன் ஒன்றுகூட அசையவில்லை என்று டிரேஸில் பாருங்கள். அப்புறம் அவரை முழுசாக நீக்கி, மீதம் மறுபடி 500 ஆகிறதா, ஆர்ஆர்எம் பாலிசியின் உறுப்பினர் பட்டியலிலும் என்எஸ்எஸ்எஃப்பிலும் அவருடைய எஸ்டி எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். கடைசியில் சொன்னதுதான் அடிக்கடி விட்டுப்போகும். இன்வென்ட்டரி சுத்தமாகத் தெரியும், ஜிஎன்பி மட்டும் பழைய எஸ்டியை அறிவித்துக்கொண்டே இருக்கும்.